பதினாறுக்கு எதிரே பத்து

ரீனோவில், நான்காம் தெருச் சலவைக்கூடத்தில்
இரவுப் பணி மாய்தே எட்செவெரிக்கு.
உலர்த்திகள் பன்னிரண்டு. அதில் இரண்டு பழுது.
ஆட்கள் விட்டுப்போன ஒற்றைக் காலுறைகளின் பெட்டிக்குள்
கிடந்தது அந்தப் புத்தகம்,
அட்டை கிழிந்து, சோப்பு வாசனையோடு.

இரண்டிலிருந்து ஆறு வரை விழுந்தால் ஒன்று கூட்டு.
ஏழு, எட்டு, ஒன்பது யாருக்கும் சொந்தமில்லை, விட்டுவிடு.
பத்து, ஜாக், ராணி, ராஜா, ஏஸ் என்றால் ஒன்று கழி.
அவ்வளவுதானா என்று சிரித்தாள்.
ஒரு முழுக் கட்டு கவிழ்ந்து தீரும்போது
மனதில் பூஜ்யம் நிற்க
மூன்று வாரம் ஆயிற்று.

நின்ற இரவில் சொல்லிக்கொள்ள ஆளில்லை.
ஐந்தாம் உலர்த்தியில் யாருடைய ஜீன்ஸோ
பொத்தானைத் தட்டித் தட்டிச் சுழன்றது.

முன்பு படித்தவர் பென்சில் வைத்திருக்கிறார்.
அட்டவணையெங்கும் கோடு, ஓரமெல்லாம் கூட்டல்.
உன் கையில் பதினாறு, டீலரிடம் பத்து தெரிந்தால்
இன்னொரு சீட்டு கேள் என்கிறது அச்சு.
பக்கத்தில், அழுத்தி எழுதியதில் தாள் பொத்தலாகி:
"என்னால் முடியாது."
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்கு அப்பால்
பென்சிலே இல்லை.

கேட்டாலும் தோற்பாய், கேட்காவிட்டாலும் தோற்பாய்,
கேட்டால் சற்றுக் குறைவாகத் தோற்பாய், மடையா
என்று அவரிடம் வாதாடினாள்.
பிறகு தன் பேனாவால் கீழே எழுதினாள்:
"எனக்கும்."

டிசம்பரில் வின்னமக்காவிலிருந்து
தங்கை கிரேசியானா தொலைபேசினாள்.
அவன் போய்விட்டான், வண்டியோடு, நாயோடு.
தோளில் ரிசீவரை இடுக்கி
மாய்தே சீட்டுகளைப் புரட்டிக்கொண்டே இருந்தாள்.
ம். ம். ராஜா, கழி. அழாதே. நான்கு, கூட்டு.
வைத்தபோது கணக்கு பிசகவில்லை.
நாயின் பெயரைத் தங்கை சொன்னாளே,
அது மட்டும் நினைவில் இல்லை.
எண்ணுவதற்கு நமக்கு ஒரே சொல்.
அவளுக்கு இரண்டு இருந்தன;
அதில் ஒன்று எங்கோ நழுவியிருந்தது.

பிப்ரவரி, செவ்வாய், விடிகாலை நாலு மணி.
மேசையில் அவள் ஒருத்திதான்.
டீலரின் சட்டையில் ரெனாட்டோ என்று பெயர்ப்பட்டை.
இரண்டு மணி நேரம் பத்துப் பத்து டாலராக வைத்து
குளிர்ந்த காப்பியைக் குடிப்பதுபோல் நடித்து,
கடைசியில் வந்தது:
கணக்கு பன்னிரண்டு, மீதம் மூன்று கட்டு,
வகுத்தால் நான்கு.
இருநூறு டாலரை நகர்த்தினாள். விரல் வியர்த்தது.

கிளாவர் ராணி. டைமன் ஆறு.
ரெனாட்டோவிடம் இஸ்பேட் ராஜா.

பதினாறு. பத்து.

பென்சில்காரர் வந்து சேராத பக்கம், நூற்று முப்பத்தொன்று,
சொல்கிறது: கணக்கு ஏறி நின்றால் கேட்காதே.
அவர் பயந்து செய்ததை
இவள் படித்துவிட்டுச் செய்கிறாள்.
உள்ளங்கையை மெல்ல அசைத்தாள், வேண்டாம் என்று.

ரெனாட்டோ கவிழ்த்தது ஆட்டின் ஒன்பது.
யாருக்கும் சொந்தமில்லாத ஒன்பது.
கூட்டவும் இல்லை, கழிக்கவும் இல்லை,
பத்தொன்பது.

"சரியாகத்தான் ஆடினீர்கள்" என்றான் அவன்
சில்லுகளை வாரிக்கொண்டே, யாருக்கும் கேட்காத குரலில்.
அதுதான் வலித்தது.

கார்க் கண்ணாடியில் பனி ஒரு விரற்கடை.
சுரண்டும்போதும் தலைக்குள் பதினொன்று,
இறக்கி வைக்க இடமின்றி.

கூடத்துக்கு வந்து, நூற்றுப் பன்னிரண்டைத் திறந்து,
"எனக்கும்" என்பதன் கீழ் எழுதினாள்:
"நூற்று முப்பத்தொன்றைப் பாருங்கள். அங்கே நீங்கள் சரி.
அப்படியும் தோற்கலாம்."
புத்தகத்தைக் காலுறைகளுக்கு அடியில் செருகினாள்.

பிறகு வின்னமக்காவுக்கு எண்களைச் சுழற்றினாள்.
மணி ஐந்தே கால். தூக்கக் குரலில் தங்கை.
"அந்த நாய்" என்றாள் மாய்தே,
"அதன் பேர் என்ன சொன்னாய்?"